மணாலிக்கு இருபது கிலோ

"மூட்டைய எறக்குன, மணாலி டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவேன். சொல்லிட்டேன்."

மேலே நின்று கத்தினாள் பிரபாவதி. கீழே அவள் புருஷன் ஜெகதீசன் படிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதுகுப் பையில் இருபது கிலோ அரிசி. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. திருக்கழுக்குன்றம் மலையில் பாதிகூட ஏறியிருக்கவில்லை.

"ஒரு நிமிஷம் பிரபா. நெஞ்சு படபடன்னுகீது."

"நின்னுக்கோ. ஆனா உக்காரக் கூடாது. மூட்ட கீழ படக் கூடாது. அதான பேச்சு?"

"கழுகே இந்த மலைக்கு வர்றத நிறுத்திடுச்சி. நான் மட்டும் ஞாயித்துக்கெழமையானா வரணுமா?"

"கழுகுக்கு என்ன மாதிரி பொண்டாட்டி இல்ல. ஏறு மாமா."

பேச்சு அதுதான். அடுத்த வாரம் டெல்லிக்கு ரயில். அங்கிருந்து மணாலி. அதற்கும் மேலே, பனியில் பத்து நாள் நடை. அதற்காக ஞாயிறுதோறும் படூரிலிருந்து பைக்கில் வந்து இந்த மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். இதுவரை ஒரு தடவைகூட ஜெகதீசன் மூட்டையோடு உச்சியைப் பார்த்ததில்லை. எங்காவது ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துவிடுவான். இன்று கடைசி ஞாயிறு. இறக்காமல் ஏறினால் பயணம் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

பிரபாவதி விடுவிடுவென்று மேலே போவாள். அவன் வரவில்லை என்றால் இறங்கி வந்து திட்டுவாள். மறுபடி ஏறுவாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. மூச்சு முழுவதும் திட்டுவதற்கே தேவைப்பட்டது.

திருப்பத்தில் மோர்ப் பானையோடு உட்கார்ந்திருந்த செல்லம்மா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இன்னா வேண்டுதல் தம்பி? கொழந்தைக்கா?"

"வேண்டுதல் இல்லம்மா. மணாலி."

"அது எந்த ஊரு சாமி?"

"சாமி இல்ல. பனிமலை."

"ஏன், அங்க அரிசி கெடைக்காதா?"

ஜெகதீசனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று பயந்து அடக்கிக்கொண்டு நடந்தான்.

பின்னால் ஓடி வந்த இளைஞன் ஒருவன் வேகத்தைக் குறைத்தான். டிராக் பேன்ட், கையில் பெரிய கடிகாரம். கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம். பெயர் மணி என்றான்.

"அண்ணாத்த, மணாலின்னு காதுல வுழுந்துச்சு. நான் போன வருஷம் போய்ட்டு வந்தேன். பையில எவ்ளோ வெயிட்டு?"

"இருவது."

"அய்யோ, எதுக்கு? பத்து கிலோ தூக்கிப் பழகினா போதும் அண்ணாத்த."

ஜெகதீசன் நம்பிக்கையோடு மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"இவுருக்கு இருவதுதான். ஒரு கிலோ கொறையாது," என்றாள் அவள்.

"அக்கா ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு."

"வூட்டாண்ட வந்து பாரு தம்பி. இங்க நான் சாந்தமா கீறேன்."

உச்சி தெரிந்தது. அங்கேதான் கால் மக்கர் பண்ணியது. மூட்டை அவனைப் பின்னால் இழுத்தது. ஜெகதீசன் சுவரில் சாய்ந்தான். உடம்பு மெல்ல மெல்லச் சரிந்தது.

"குடு அண்ணாத்த, மிச்சத்தை நான் தூக்கினு வரேன்," என்றான் மணி.

"வேணாம்பா. நான்தான் தூக்கணும்."

பிரபாவதி இறங்கி வந்தாள். திட்டப்போகிறாள் என்று இருவரும் நினைத்தார்கள். அவள் திட்டவில்லை.

"வுடு மாமா. எறக்கிடு. மணாலி எங்க ஓடிடப் போவுது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கீழே தெரிந்த குளத்தைப் பார்த்துச் சொன்னாள். போன வருஷமும் 'அடுத்த வருஷம்' என்றுதான் பேச்சு முடிந்தது. அதற்கு முந்தைய வருஷமும் அப்படித்தான். அவளுக்குக் குரல் இவ்வளவு சின்னதாகவும் வரும் என்று ஜெகதீசனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. திட்டே பரவாயில்லை.

பை வாரை இழுத்துத் தோளில் ஏற்றினான்.

"தள்ளி நில்லுடி. வழிய மறைக்காத."

ஒரு படி. நின்றான். இன்னொரு படி. பல்லைக் கடித்தான். கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் ஒதுங்கி வழி விட்டது. யாரோ "அரோகரா" என்றார்கள். மறுக்க அவனிடம் மூச்சு இல்லை.

கோயில் வாசலைக் கையால் தொட்டான். மூட்டை முதுகிலேயே இருந்தது.

பிரபாவதி இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. இன்னொன்றும் அடித்தாள்.

மணி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "சூப்பர் அண்ணாத்த! இதத் தூக்கினு இந்த மலை ஏறிட்டீங்க, மணாலிலாம் உங்களுக்கு ஜுஜுபி. பனி கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கினு போங்க."

ஜெகதீசன் மூட்டையை இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

"எனக்கு எதுக்குப்பா கண்ணாடி? மணாலிக்குப் போறது அவ."

மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப இந்த இருவது கிலோ?"

"எங்க ஃபிளாட்ல லிஃப்ட்டு கெடையாது தம்பி," என்றாள் பிரபாவதி. "நாலாவது மாடிக்கு இருவது லிட்டர் தண்ணி கேன் தூக்குற ஆளு நானு. நான் ஊருக்குப் போறேன்ல, பதிலுக்கு ஒரு ஆளத் தயார் பண்ணி வெச்சிட்டுத்தான போவணும்?"