மூன்றாம் வருடச் செலவு

"அப்பா! ஒரு மாச உழைப்புப்பா அது!"

காபி மடிக்கணினிக்குள் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. கோப்பையைத் தட்டிவிட்டது என் கைதான். அதே கையால் துடைக்கப்போய் மிச்சத்தையும் கவிழ்த்தேன்.

மத்திய ஆசியவியல் படிக்க என் மகள் கிரேட்டாவுக்கு மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. எங்கே செலவு குறைவு என்று அவள் போட்டிருந்த பட்டியல் காபியோடு போயிற்று. மே ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். கட்டுப்படியாகாவிட்டால் எங்கள் ஊர் டுலூத்திலேயே ஏதாவது படிப்பதாகத் தலையாட்டியிருந்தாள், அழாமல்.

"நானே திரும்பப் போட்டுத் தர்றேன்."

"நீயா? ரொட்டி வாட்டினாலே தீயணைப்பு வண்டி வரும், ஆரன்," என்றாள் என் மனைவி மார்லிஸ்.

மார்லிஸின் கணினியில் கல்லூரிகளின் செலவுக் கணிப்புப் பக்கத்தைத் திறந்தேன்; குடும்ப வருமானத்தைக் கொடுத்தால், உதவித்தொகை போக நாங்கள் கட்ட வேண்டியதைக் காட்டும். என் சம்பளம், அவள் சம்பளம், வீட்டில் மூன்று பேர். சேமிப்பு, எழுதவே கூச்சமான தொகை.

முதல் இரண்டு வருடமும் முப்பத்தோராயிரம் டாலர். மூன்றாம் வருடம் வெறும் நாலாயிரம்.

"தப்பா அடிச்சிருப்பே. நகரு!"

கிரேட்டா அடித்தாள். அதே நாலாயிரம். மற்ற இரண்டு கல்லூரிகளிலும் மூன்றாம் வருடம் அதேபோல விழுந்தது.

"நான் முதல் வருஷம் மட்டும்தான் பார்த்திருந்தேன். அப்பா, ரெண்டு வருஷம் சமாளிச்சாப் போதும்! நான் மத்திய ஆசியா போறேன், சமர்கண்ட் போறேன்!"

"குதிக்காதே. ஆரன், முதல்ல போன் பண்ணிக் கேளு," என்றாள் மார்லிஸ்.

முதல் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்தை அழைத்தேன்.

"சொல்லுங்க, மிஸ்டர் ஹால்வர்சன்," என்றது ஒரு பெண் குரல்.

நான் இன்னும் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

"மூணாம் வருஷம் ஏம்மா இப்படிக் குறையுது? எனக்கு வேலை போயிடுமா?"

"அதெல்லாம் இல்ல, சார். வேலையில இருக்கும்போதுதான்..." நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப லாட்டரியா?"

"லாட்டரி விழுந்தா செலவு கூடும், சார்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வெறும் கணிப்புதானே, தப்பா இருக்கலாம்ல?"

"முதல் ரெண்டு வருஷம்தான் கணிப்பு, சார். மூணாவதுக்கு விண்ணப்பமே வந்துடுச்சு."

"அது வருஷா வருஷம் நாங்க புதுசா போட வேண்டியதாச்சே! இன்னும் சேரவே இல்லையே அவ!"

"என் கையில இருக்கு, சார்." தாள் புரளும் சத்தம் கேட்டது.

சமையலறையில் தாயும் மகளும் கட்டிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"சுத்தி வளைக்காதம்மா. அதுக்குள்ள எங்க வீட்டுல என்னதான் மாறுது?"

"குடும்பத்துல எத்தனை பேர்ங்கற இடத்துல ரெண்டுன்னு போட்டிருக்கு, சார். கையெழுத்துப் போட்டது உங்க மனைவியும் மகளும்."