உள்ளூர்க் கல்

டத்தோ குனிந்து குவிமாடத்தை விரலால் சுண்டினார். 'டொக்' என்றது.

தேநீர்த் தட்டோடு நின்ற சமையற்காரன் தங்கையாவுக்கு உயிர் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு தட்டைப் பிடித்திருந்தான்.

எண்பத்து மூன்றாம் வருஷம். கோலாலம்பூரில் இஸ்லாமியக் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் கட்டப்போகிறார்கள். எப்படிக் கட்டுவது என்று தீர்மானிக்க, டத்தோ பட்டம் வாங்கிய தலைவரும் குழுவினரும் குளிருக்கு ஆசைப்பட்டுக் கேமரன் மலைத் தோட்டத்துப் பங்களாவில் வந்து இறங்கியிருந்தார்கள். சாப்பாட்டு மேசை நிறைய அட்டையில் செய்த மாதிரிக் கட்டடம். வளைவுகள், முற்றம், நீரூற்று, நட்டநடுவில் வெள்ளைவெளேரென்று குவிமாடம்.

"அந்தப் பொம்ம வீட்டுக்கு ஏதாச்சும் ஆச்சு, சமையக்கட்ட மறந்துரு லா. மறுபடி முதுகுல மருந்து பம்ப மாட்டிக்கிட்டு மல ஏறணும்" என்று தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி நேற்றே சொல்லி வைத்திருந்தார்.

இன்று விடியற்காலையில் சுண்ணச் சாந்துக் குவிமாடம் உடைந்தது. எப்படி என்பது இப்போது முக்கியமில்லை.

இப்போது அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது தங்கையாவின் மனைவி வடிவம்மாள் அவித்த இட்லி.

மலைக் குளிரில் மாவு பொங்காது. வடிவம்மாள் மாவுச் சட்டிக்குக் கம்பளிச் சட்டை மாட்டி, குல்லாயும் போட்டுப் பார்த்தாள். சட்டிக்குச் சளி பிடிக்கவில்லை; மற்றபடி பலனில்லை. கோலா தெர்லா ஏற்றத்தில் நின்றுபோன காய்கறி லாரியின் சக்கரத்துக்கு அவள் இட்லியைத்தான் அடை கொடுத்தார்களாம். இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் தங்கையாதான்.

"என்ன கல் இது?" என்று டத்தோ மலாயில் கேட்டார்.

கட்டடத்தை வரைந்த என்சிக் ரஹீம் குவிமாடத்தைப் பார்த்தார். தங்கையாவைப் பார்த்தார். மெல்லத் தாடையைத் தடவிக்கொண்டார். நேற்றுப் பசியாறியபோது அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப்போயிருந்தது.

"உள்ளூர்க் கல், டத்தோ."

குழுவினர் ஆளுக்கொரு தரம் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சின்னச் சின்னத் துளைகளை உற்றுப் பார்த்து, "மூச்சு விடுகிற கல்" என்று சொக்கிப்போனார்.

சமையற்கட்டுக் கதவிடுக்கில் வடிவம்மாளின் முகம் தெரிந்தது. "கல்லு கல்லுன்னு ஊரெல்லாம் நக்கலடிச்சீங்களே, இப்ப டத்தோவே சொல்லிட்டாரு. நெஞ்சு குளுந்துச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

டத்தோ தங்கையா பக்கம் திரும்பினார். மலைக்காரன் நீதான் சொல்ல வேண்டும், இந்தக் கல் அடி தாங்குமா என்றார்.

"தாங்கும், டத்தோ."

டத்தோ தலையசைத்து, வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார்.

தங்கையா சொன்னது சத்தியம். விடியற்காலையில் பங்களாப் பூனை அட்டை முற்றத்தில் சுருண்டு படுத்திருந்தது. மாதிரிக்கு ஏதும் ஆகிவிடப் போகிறதே என்று பதறி, கையிலிருந்த இட்லியை அதன்மேல் எறிந்தான். பூனை விலகிக்கொண்டது. குவிமாடத்துக்கு விலகத் தெரியவில்லை.

தூளையெல்லாம் கூட்டி அள்ளிய பிறகு இட்லியைத் தேடி எடுத்துத் துடைத்துப் பார்த்தான்.

ஒரு கீறல்கூட இல்லை.