நிறுத்துப் போட்டது

நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடுகிற கதைதான். ரத்தம் வரும். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேளுங்கள்.

முதல் அடியிலேயே எடைக்காரனின் உதடு கிழிந்தது.

இரண்டாவது அடியில் அவன் தராசு மேடைமேல் போய் விழுந்தான். யார் விழுந்தாலும் தராசுக்கு ஒன்றுதான். அறுபத்திரண்டு கிலோ என்று காட்டியது.

அடித்தவர் வேறு யாருமில்லை. அவன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், அந்த மருந்து ஆலையின் மேற்பார்வையாளர். குப்பென்று பற்றிக்கொள்கிற ஆள் என்பதால் ஆலையில் அவருக்குக் கந்தகம் என்று பெயர்.

இன்று பற்றியதற்குக் காரணமும் இருந்தது.

அங்கே செய்வது கன்னாபிடையால். கஞ்சாச் செடிக்குள் போதையும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. செடியே இல்லாமல், ரசாயனங்களைச் சேர்த்து, மருந்தை மட்டும் எடுக்கிற வேலை. வலிப்பு வந்து துடிக்கிற பிள்ளைகளுக்குப் போவது.

குளிரில் வைத்து, அமிலத்தைக் கொஞ்சமாக விட்டு, சரியான நொடியில் நிறுத்த வேண்டும். கூடிவிட்டால், நல்ல பிள்ளை கெட்ட சகவாசத்தில் புரண்டுபோகிற மாதிரி, மருந்தே போதையாக மாறிவிடும்.

அந்தப் போதையை மூன்று மாதம் சோறு தண்ணீர் பாராமல் குறைத்துக் குறைத்து, இல்லை என்று சொல்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார் கந்தகம். பெரிய தொட்டியில் இன்றுதான் முதல் முறை.

கலக்கி முடியுமுன்பே எடுத்தனுப்பிய மாதிரிக்குப் பரிசோதனைத் தாள் வந்தது. தொட்டி முழுக்கப் போதை.

“அமிலத்த நிறுத்து, சோடாவப் போடுன்னு மைக்குல தொண்ட கிழியக் கத்தினேனே! எவன்டா மறுபடி அமிலத்த ஊத்தினது?”

அமிலத்தை முறிக்கிறது சோடா உப்பு. அந்தச் சொல்லை ஒலிபெருக்கியின் கரகரப்பு விழுங்கிவிட்டிருந்தது. தொட்டி அறைக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்: அமிலத்த நிறுத்து... போடு.

“நான்தான் மச்சான். நீங்கதானே நிறுத்துப் போடச் சொன்னீங்க? சரியா நிறுத்துத்தான் போட்டேன்.”

மூட்டை தூக்குகிற இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலமெல்லாம் எடை போடுகிறவனுக்கு அந்தச் சொல்லில் வேறென்ன கேட்கும்?

சிரிப்பு அடங்குமுன் ரப்பர் குழாய் இறங்கியது. முதுகில், தோளில், மறைக்கத் தூக்கிய முழங்கையில். எங்கோ ஓர் எலும்பு சுள்ளி முறிகிற மாதிரி சத்தம் போட்டது.

“தொட்டிப் பக்கம் உனக்கென்னடா வேலை? தங்கச்சி எங்க?”

“கை கழுவப் போயிருக்கா. நான்தான் நின்னேன்.”

பொய். தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்; அந்த அறைக்குள்ளேதான் இருந்தாள். அமிலத்தைப் போட்டதும் அவள்தான். கேனோடு அவனிடம் வந்து, அண்ணன் அமிலத்தை நிறுத்துப் போடச் சொல்கிறார், சரியாக நிறுத்துக் கொடுங்கள் என்றாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இவனும் நிறுத்துக் கொடுத்தான்.

எழுந்து அந்த அறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். இந்தக் கோபம் முழுவதும் தன் உடம்பிலேயே தீர்ந்துவிட வேண்டும். ஒரு சொட்டுகூட அவள் பக்கம் சிந்தக் கூடாது.

“மாப்பிள்ளைக்கு மரியாதை பலமாத்தான் இருக்கு, மச்சான்” என்றான், ரத்தத்தைத் துப்பிவிட்டு. அவர் மூச்சு வாங்கட்டும், கை ஓயட்டும் என்று.

கை ஓயவில்லை. குழாய் முகத்தில் விழுந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. அவன் கால் மடங்கிச் சரிந்தான்.

கதவு திறந்தது. இத்தனை கூச்சலுக்கும் திறக்காத கதவு.

காலிக் கேனைத் தூக்கிக் காட்டியபடி அவள் வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. “அண்ணே, நீ சொன்னபடியே போட்டுக் கலக்கி முடிச்சிட்டேன். ஒரு கிராம்கூடக் கூடல, கொறையல.”

அப்புறம்தான் காலடியில் கிடக்கிற புருஷனைப் பார்த்தாள்.

கந்தகம் குழாயைக் கீழே போட்டார். தங்கைக்குக் கை போதும் என்று நினைத்திருப்பார். இடக்கை உயர்ந்தது.

அதுவரை ஒரு விரல்கூட ஓங்காத எடைக்காரன் எம்பி அந்தக் கையைக் கடித்தான்.

பல் எலும்பில் போய்த்தான் நின்றது. கந்தகம் அலறினார். அவன் தலையைச் சுவரில் மோதினார், மறுபடியும் மோதினார். மூட்டை தூக்குகிறவர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். உடும்புப் பிடி. யார் ரத்தம் எது என்று தெரியாமல் மோவாயில் ஒழுகியது.

“விடுடா வெறிநாயே! அவ என் தங்கச்சிடா! எனக்கில்லாத உரிமையா?”

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. வாய்தான் காலியாக இல்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று ஓர் அறை விட்டதும் இதே இடக்கைதான். அன்றோடு வலது காது போயிற்று. மிச்சமிருந்த ஒற்றைக் காதை அந்தக் கரகரக்கிற பெட்டிப் பக்கம் சாய்த்துச் சாய்த்துத்தான் அவள் வேலை பார்த்தாள்.

அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. கட்டிக்கொண்டவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

போய் வாருங்கள், கண்களே. ஒரு குரலுக்குத் திரும்பாத பெண்ணைப் பக்கத்தில் வந்து, முகம் பார்த்து, இன்னொரு தரம் கூப்பிடுகிற ஆட்களால் உங்கள் வீடு நிறைந்து வாழட்டும்.