வாசலை மறிக்க ஆள்

ரொட்டிக் கத்தியோடு வாசலில் நின்றாள் மணப்பெண்.

முறைப்படி வாள் வேண்டும். விடுதிச் சமையலறையில் இதுதான் கிடைத்தது.

ஆர்மேனிய வழக்கம் அது. பெண்ணை அழைக்க வரும் மாப்பிள்ளை வீட்டாரை அண்ணன்காரன் வாளோடு மறிப்பான். அவர்கள் கெஞ்சுவார்கள். அவன் முறுக்கிக்கொள்வான். எவ்வளவு முறுக்குகிறானோ தங்கைக்கு அவ்வளவு பெருமை.

அவளுக்கும் அண்ணன்கள் இருந்தார்கள். துருக்கிச் சிப்பாய்கள் ஊரையே பாலைவனத்துக்கு விரட்டிக்கொண்டு போவதற்கு முன்பு.

கீழே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தெரு ஒன்றில், மாப்பிள்ளை வீட்டார்.

வீட்டார் என்பது ஒரு மரியாதைக்கு. மாப்பிள்ளை வாஹானுக்கும் வீடென்று யாரும் மிஞ்சவில்லை. வந்திருந்தவர்கள் ஷூ ஃபாக்டரியில் அவனோடு தோல் வெட்டுகிறவர்கள். கூடவே ஒரு கிளாரினெட். வாசிப்பவன் இன்னும் கற்றுக்கொண்டிருந்தான். அது தெரு முழுக்கக் கேட்டது.

மீசைக்காரன் செட்ராக் கையை ஆட்டினான்.

"நகரும்மா. பாதிரியார் கோயில்ல காத்துக்கிட்டு இருக்கார். உனக்குத்தான் மறிக்க ஆளில்லையே."

கிளாரினெட் நின்றது.

"யார் சொன்னது? நான் இருக்கேன்," என்றாள் அவள். " எங்க வீட்டுப் பொண்ணைச் சும்மா அனுப்பறதா இல்லை."

எதிர்வீட்டு அமெரிக்கக்காரி ஜன்னலை அடைத்தாள். கத்தியைப் பார்த்திருப்பாள்.

செட்ராக் படியேறினான். அவள் கத்தியை உயர்த்தினாள். இறக்கவில்லை.

அவன் தொப்பியைக் கழற்றினான். அவளுக்குப் பக்கத்தில் வந்து, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"டேய் வாஹான், என் தங்கச்சின்னா உனக்கு அவ்வளவு இளப்பமா?"

அடுத்தவன் ஏறினான். அப்புறம் இன்னொருவன். ஒவ்வொருவனுக்கும் ஒரு காலத்தில் ஒரு தங்கை இருந்தாள்.

கடைசியில் கிளாரினெட்டும் கட்சி மாறியது.

படி கொள்ளாமல் அண்ணன்கள்.

வாஹான் கெஞ்சினான். மேல்கோட்டைக் கழற்றிப் பரிசாக நீட்டினான். போதாது என்றார்கள். ஒரு பாட்டுப் பாடினான். இந்தக் குரலுக்குப் பெண்ணே கிடையாது என்றார்கள்.

சிரித்துக்கொண்டே அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், தனக்காகப் பேச யாராவது இருக்கிறார்களா என்று.

தெரு காலியாக இருந்தது.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும்.

கத்தியைச் செட்ராக்கிடம் கொடுத்துவிட்டு, வாஹான் பக்கம் நிற்கப் படியிறங்கினாள்.

"ஏய், யாரைக் கேட்டு இறங்குறே?"

முதுகுக்குப் பின்னால் ஓர் அண்ணனின் அதட்டல்.

இன்னொரு தரம் அதட்டட்டும் என்று மெதுவாக நடந்தாள்.