அரசனின் மடி
குருநகர் மாதா கோயில் வளவில், கூத்து மேடைக்குப் பின்னால் கட்டிய தறப்பாள் மறைப்புக்குள் ஜெசிதா அரசன் வேடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கடலில் பொழுது இறங்குகிறது. அந்த மஞ்சள் வெளிச்சம் தறப்பாளின் கிழிசல் வழியே வந்து அவளுடைய சரிகை உடுப்பிலும் மையால் கீறிய மீசையிலும் விழுகிறது. இந்தக் கோயில் பங்கில் பெண்கள் கூத்தாடுவது இதுதான் முதல் தடவை. வெளியே கூத்துப் பார்க்க வந்தவர்கள் உட்காரக் கதிரைகள் இழுபடுகின்றன. யாரோ ஆண்கள் சிரிக்கிறார்கள். மடியில் ஐந்து மாதக் குழந்தை பசியில் வீறிட்டு அழுகிறது. பால் கொடுக்கத் தூக்கினால், மீசையைக் கண்டு முதுகை வளைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

“மீசையை அழி பிள்ளை,” என்கிறாள் மாமியார் ஸ்ரெல்லா. “பொம்பிளையளுக்கு உது தேவையில்லாத வேலை எண்டு அப்பவே சொன்னனான்.”

“அழிச்சா திரும்பக் கீற நேரமில்லை, மாமி.”

ஜெசிதா உடுப்பின் கொக்கிகளைக் கழற்றுகிறாள். அரசன் சபைக்கு வரும் பாட்டைக் குழந்தையின் காதோடு மெதுவாகப் பாடுகிறாள். பிறந்ததிலிருந்து அது ஒத்திகையில் கேட்டு வளர்ந்த பாட்டு. அழுகை விக்கலாகக் குறைகிறது. குழந்தை கொஞ்ச நேரம் அவளுடைய வாயையே பார்க்கிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு மார்பைத் தேடுகிறது.

மத்தளம் முழங்கத் தொடங்குகிறது. “அரசன் ஆயத்தமோ?” என்று கூத்துப் பழக்கிய அண்ணாவியார் கிறகோரி மேடைப் பக்கமிருந்து கேட்கிறார். ஜெசிதா எழும்பப் பார்க்கிறாள். ஸ்ரெல்லா அவளுடைய தோளை அழுத்தி இருத்திவிட்டு, தறப்பாளை விலக்கித் தலையை வெளியே நீட்டுகிறாள்.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணாவியார். ராசா பிள்ளைக்குப் பால் குடுக்கிறார்.”