பதினேழாம் நம்பர் டியூப்

"பதினேழாம் நம்பர் அம்மாவை இன்னைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்களாம். ரத்தத்துல அந்தப் புரதம் ரெண்டு மடங்கு ஏறிடுச்சாமே!" என்று நர்ஸ் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஊசியக்கா கையிலிருந்த ஏட்டைப் படக்கென்று மூடினாள்.

ஏறியது அந்த அம்மாவின் உடம்பில் இல்லை, தன் மேஜை மேல் நின்ற டியூப்புக்குள்தான் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ரத்தம் எடுப்பதும் அதைச் சோதிப்பதும் அவள் வேலை. வலிக்காமல் குத்துவாள் என்பதால் வார்டே சேர்ந்து 'ஊசியக்கா' என்று பெயர் வைத்திருந்தது. இப்போது மனச்சோர்வு வார்டில் ஓர் ஆராய்ச்சி. சோர்வு பிடித்தால் மூளை நரம்புகளை வளர்க்கும் ஒரு புரதம் குறைகிறதாம், மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தால் மெல்ல ஏறுகிறதாம். வாராவாரம் ரத்தம் எடுத்து அதை அளக்க வேண்டும்.

அதில் கறாரான விதி ஒன்று உண்டு. எடுத்த ரத்தத்தை அரை மணியில் மெஷினில் போட்டுச் சுற்றிவிட வேண்டும். டியூப் சும்மா நின்றால் ரத்தம் உறைய உறைய அந்தப் புரதம் கூடுதலாகக் கசிந்து, அளவு பொய்யாக ஏறிவிடும்.

போன வாரம் திங்கட்கிழமை பதினேழாம் நம்பர் டியூப் இரண்டரை மணி நேரம் நின்றது. அவளும் அந்த அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. ஒருவழியாக அழுகை ஓய்ந்து, மணியைப் பார்த்துப் பதறி, ஏட்டில் 'முப்பது நிமிடம்' என்று எழுதிவிட்டாள். அந்த அம்மாவின் கைக்குட்டை இன்னும் இவள் கோட்டுப் பையில்தான் கிடக்கிறது.

பத்து நாளாகத் தூக்கமில்லை. இப்போது குட்டி போட்ட பூனை மாதிரி மேஜைக்கும் கதவுக்குமாக நடந்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாமல் இருந்து, குணமாகாத மனுஷியை வீட்டுக்கு அனுப்பி, அவர் ஏதாவது செய்துகொண்டால்?

லிஃப்ட் வருகிற வழியாயில்லை. நாலு மாடியும் படியேறி, மூச்சிரைக்க வார்டின் பெரிய டாக்டரம்மா அறைக்குள் நுழைந்தாள். அவர் டிஸ்சார்ஜ் தாளை எடுத்துவைத்துப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், கையெழுத்துப் போடாதீங்க! அந்த அளவு தப்பு. டியூப் ரெண்டரை மணி நேரம் நின்னுடுச்சு. முப்பது நிமிஷம்னு நான்தான் பொய் எழுதினேன்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "நீயே வந்து சொன்னியே, அது போதும். அந்த அளவைக் கணக்குல சேர்க்க வேண்டாம். ஆனா அதை வச்சா நான் ஆளை வீட்டுக்கு அனுப்புவேன்? அவங்க நல்லாத் தூங்குறாங்க, சாப்பிடுறாங்க, அதைப் பார்த்துதான் அனுப்புறேன்."

ஊசியக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பதினோரு வருஷத்துல ஒரு டியூப்பை நிக்க விட்டவ இல்லையே நீ. அன்னைக்கு என்ன ஆச்சு?"

"அந்த அம்மாகூடப் பேசிட்டு இருந்துட்டேன்."

"மாசக்கணக்கா யார்கிட்டயும் மனசு திறக்காதவங்களாச்சே! உன்கிட்ட அழுது தீர்த்தாங்களா?"

ஊசியக்கா பைக்குள் கையை விட்டு அந்தக் கைக்குட்டையைக் கசக்கினாள். தலை நிமிரவில்லை.

"அவங்க அழலை, டாக்டர். நான்தான் அழுதேன். ரத்தத்தை எடுத்துட்டு டியூப்ல நம்பர் எழுதுறேன், பொலபொலன்னு வந்துடுச்சு. எதுக்குன்னே தெரியலை. நாலு மாசமா இப்படித்தான். அவங்கதான் என் கண்ணைத் துடைச்சு, 'எனக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டே..."

டாக்டரம்மா டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போட்டு ஓரமாக வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அவங்க வீட்டுக்குப் போகட்டும். நீ உட்காரு."