மயிரிழைகூட உரசாமல்

ஈஜிபுரா பட்டறையின் ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து, ரிமோட்டில் ஓடும் பந்தய பொம்மை டிரக்கின் கெட்டி பிளாஸ்டிக் பாடியில் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவைக் கத்தியால் சீவுகிறாள் மகா. வெள்ளைச் சுருள்கள் மடியில் உதிர்கின்றன. டிரக் ஸ்ரீஹர்ஷாவுடையது. போன ஞாயிறு பந்தயத்தில் அவளிடம் தோற்றுவிட்டு, "இவ வெட்டுன பாடிதான் காரணம், டயர் உரசிக் கவுந்துடுச்சு" என்று வாய் கூசாமல் சொல்லித் திரிந்தவன், இப்போது அதையே சரிசெய்யக் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறான். அவள் சக்கரத்தை இடக்கோடிவரை திருப்புகிறாள், பிறகு வலக்கோடிவரை. மெல்லிய உரசல் கேட்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு உப்புத்தாளால் அந்த இடத்தையும் தேய்க்கிறாள். மறுபடி திருப்பினால் சத்தமே இல்லை. "இவ்ளோ நீட்டா பண்றியே, என் மேல கோவமே இல்லையா?" என்கிறான். மகா நிமிராமல் தூளை ஊதுகிறாள். "நெறைய இருக்கு சார். நாளைக்குப் பந்தயத்துலயும் என்கிட்ட தோத்துட்டு, சாக்கு சொல்ல உங்களுக்கு ஒண்ணுமே இருக்கக் கூடாது."